புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக வானொலி நிதி திரட்டல் – சனிக்கிழமை வேலைக் குழு

பிரபு: ரவி அண்ணா, சனிக்கிழமை போன் மேசைய ஸ்டுடியோ உள்ளயே போட்டுடலாமா? மணி அடிக்கிறது நேயர்களுக்கும் கேக்கும்ல.

ரவி அண்ணன்: வேண்டாம்பா. ஒலியைக் கலக்குற மிக்சர் பக்கத்துல மொபைல் இருந்தா அழைப்பு வர்றதுக்கு முன்னாடியே இரைச்சல் ஏறும். 2ஜி-க்கு இறங்குற போன்ல அது 217 ஹெர்ட்ஸ், பேலன்ஸ் இல்லாத கேபிள் (இரைச்சலைக் கழிக்காத சாதா வயர்) அப்படியே இழுத்துக்கும். மேசை பக்கத்து அறையிலதான். அங்கயும் ரேடியோவ ஸ்பீக்கர்ல வைக்காதீங்க, ஒருத்தர் மட்டும் ஹெட்போன்ல கேக்கட்டும்.

ரவி அண்ணன்: வெளிய சொல்றது ஒரே எண், பின்னாடி நாலு லைன். ஒண்ணு பிஸின்னா அடுத்ததுக்குத் தாவணும். பிஸி டோன் கேட்டுட்டு வச்சவங்க திரும்ப அடிக்கிறது அபூர்வம், அதனால மிஸ்டு கால் பட்டியலுக்குன்னே ஒரு ஆள் வேணும். ரௌட்டரையும் யுபிஎஸ்ல மாட்டுங்க.

கலா அக்கா: எண்ணை எல்லாரும் ஒரே இடத்துல நிறுத்தி, மூணு தடவை சொல்லணும். சொன்ன கையோட பாட்டு போட்டுடுங்க. நாம பேசிட்டே இருந்தா கேட்டுட்டே இருப்பாங்க, போனை எடுக்க மாட்டாங்க.

பிரபு: ‘இன்னும் 5 நிமிஷம்தான்’னு கெடு வைக்கலாமாக்கா?

ரவி அண்ணன்: வைக்கலாம். ஆனா ஆப்புல கேக்குறவங்களுக்கு அரை நிமிஷம் கூட பின்தங்கிப் போகும். கெடு முடிஞ்சும் கொஞ்சம் நேரம் ஏத்துக்கணும்.

மேரி சிஸ்டர்: வார்டுக்குப் பதிவு பண்ணப் போறவங்க கவனிங்க. கீமோ (புற்றுநோய் மருந்து) எடுக்கிற பிள்ளைக்கு வெள்ளணு குறைஞ்சிருக்கும், தொத்து சீக்கிரம் பிடிச்சுக்கும். லேசா சளி இருந்தாலும் போகாதீங்க. மைக் தலையில இருக்கிற ஸ்பாஞ்ச் துடைச்சா சுத்தமாகாது, பிள்ளைக்குப் பிள்ளை மாத்தணும். மைக்கையும் வயரையும் ஸ்பிரிட் பஞ்சால துடைங்க. மருந்து ஏத்துற பம்ப் பீப் அடிச்சா பதிவைத்தான் நிறுத்தணும், பம்பை இல்ல.

கலா அக்கா: அப்பா அம்மா கையெழுத்து போட்டாலும் பிள்ளைகிட்ட தனியா கேளுங்க. வேண்டாம்னா விட்டுடணும். முழுப்பேர், ஊர், பள்ளிக்கூடம் எதுவும் வெளிய வரக் கூடாது.

மேரி சிஸ்டர்: ஒலிபரப்பு அன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் பேசி, பதிவுல இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் எப்படி இருக்குன்னு கேட்டுட்டுதான் ஓட்டணும். அன்னிக்கு சிரிச்சுப் பேசின பிள்ளை இப்ப ஐசியூவுல இருக்கலாம். வாசல்ல உக்காந்திருக்கிற அம்மா காதுல அந்தச் சிரிப்பு விழக் கூடாது.

பிரபு: சரிங்க சிஸ்டர், முதல் வேலையா போட்டுட்டேன். ஸ்கிரிப்ட்ல ‘உங்க பணம் இந்தக் குழந்தையைக் காப்பாத்தும்’னு இருக்கு...

மேரி சிஸ்டர்: எடுத்துடு தம்பி. அந்த வாக்கு யாராலயும் குடுக்க முடியாது. வசதியான நாடுகள்ல புற்றுநோய் வந்த பிள்ளைங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல குணமாகுறாங்க. வசதி குறைஞ்ச பல நாடுகள்ல 30 சதவீதத்துக்கும் கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. லேட்டா கண்டுபிடிக்கிறது, மருந்து கிடைக்காதது, பாதியில சிகிச்சையை விட்டுடறது, இதெல்லாம் காரணம். போக்குவரத்துக்கும் தங்குறதுக்கும் பணம் இருந்தா பாதியில விடறது குறையும். அதைச் சொல்லுங்க.

கலா அக்கா: அதனாலதான் மாசாமாசம் தர்றீங்களான்னு முதல்ல கேக்கச் சொல்றேன். லிம்போபிளாஸ்டிக்னு ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2 - 3 வருஷம் சிகிச்சை ஓடும். அமெரிக்காவுல மெம்பிஸ் ஊர்ல இருக்கிற செயின்ட் ஜூட் பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்காக 1989-லருந்து கன்ட்ரி இசை வானொலி நிலையங்கள் நடத்துற ரேடியோத்தான்லயும் (இதே மாதிரி வானொலி நிதி திரட்டல்) மாச நன்கொடைதான் பிரதானம்.

ஜோசப் சார்: போன் எடுக்கிறவங்க நிரப்புற படிவத்துல பேர், போன் எண் (திருப்பிச் சொல்லி சரிபார்த்து), தொகை எண்ணிலும் எழுத்திலும், மாசமா ஒரே தடவையா, பேரை வாசிக்கலாமா, எந்த மணிக்கு வந்த அழைப்பு. எந்தப் பேட்டி ஜனங்களைத் தொட்டுச்சுன்னு அந்த மணியை வச்சுதான் தெரியும். கார்டு எண்ணைக் காகிதத்துல எழுதவே கூடாது. பணம் நேரா ஆஸ்பத்திரி அறக்கட்டளைக் கணக்குக்கு, ரசீதும் அவங்க தருவாங்க. நடுவுல நம்ம யார் கணக்கும் வேண்டாம்.

பிரபு: வர்ற பணத்துக்கு ஈடா தானும் தர்றேன்னு ஒருத்தர் சொன்னாரே சார்?

ஜோசப் சார்: எதுவரைக்கும்னு எழுத்துல வாங்குங்க, அப்புறம் அறிவிக்கலாம். அந்த வரம்பைத் தொட்டதும் நிறுத்திடணும். அதுக்கு மேல ‘இரட்டிப்பு’ன்னு சொன்னா பொய்.

ஜோசப் சார்: தர்றேன்னு சொன்னது வேற, வந்து சேர்ந்தது வேற. ரெண்டையும் ஒரே தொகையா வாசிக்காதீங்க. பணம் கட்டுற லிங்க் அன்னிக்கே போகணும். தள்ளிப்போட்டா பாதிப் பேர் மறந்துடுவாங்க.

பிரபு: படிவம் அச்சுக்கு அனுப்புறேன் சார்.

ஜோசப் சார்: மணிக் கட்டத்தை மேல வலது மூலையில வை. கீழ இருந்தா அவசரத்துல நிரப்பாம விட்டுடுவாங்க.