இடது காது யூஸ்டேஷியன் ட்யூப்: எச்68-ஆ, எச்69-ஆ?

சார்ட்வாசி (கேள்வி):
வணக்கம். மெடிக்கல் கோடிங்கில் சமீபத்தில்தான் இஎன்டி (காது மூக்கு தொண்டை) அவுட்பேஷன்ட் சார்ட்டுகளுக்கு மாறினேன். ஐசிடி-10-சிஎம்-இல் (அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பு) யூஸ்டேஷியன் ட்யூப் (நடுக்காதை மூக்கின் பின்பக்கத்தோடு இணைக்கும் குழாய்) பற்றிய ஒரு சார்ட் இழுத்தடிக்கிறது, சீனியர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

நோயாளி வயது வந்தவர். காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று வந்திருக்கிறார். பரிசோதனைப் பகுதியில் செவிப்பறை உள்வாங்கியிருக்கிறது, பின்னால் நீர் தெரிகிறது என்று இருக்கிறது. எந்தக் காது என்று டாக்டர் எங்குமே எழுதவில்லை. ஆடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில்தான் 'இடது, டைப் பி டிம்பனோகிராம். வலது, டைப் ஏ' என்று வருகிறது (செவிப்பறை அசைவுச் சோதனை: டைப் பி என்றால் அசைவில்லை, டைப் ஏ இயல்பு). ஸ்கோப் பார்த்ததில் 'ட்யூப் வாயை ஒட்டி அடினாய்டு போன்ற திசு' என்று ஒரு வரி (அடினாய்டு என்பது மூக்கின் பின்புறமுள்ள நிணநீர்த் திசு). கடைசியில் அசெஸ்மென்ட்: 'யூஸ்டேஷியன் ட்யூப் டிஸ்ஃபங்க்ஷன். அப்ஸ்ட்ரக்ஷன் இருக்கலாம். சிடி எடுத்துப் பார்ப்போம்.'

வெளியிலிருந்து திசு அழுத்துவதால் எச்68.132 (வெளி அழுத்தத்தால் வந்த அடைப்பு, இடது காது) போட்டேன். ஆடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்கோப் வரி கண்ணெதிரே இருக்கும்போது ஏன் அது போதாது?

காதுமூக்குதொண்டை:
தம்பி, நீங்கள் சார்ட்டை நன்றாகவே படித்திருக்கிறீர்கள். ஆனாலும் ஆடிட்டர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

முதலில் எச்68.1-இன் அமைப்பைப் பார்ப்போம். எச்68.10 குறிப்பிடப்படாத அடைப்பு, எச்68.11 எலும்புப் பகுதி அடைப்பு, எச்68.12 குருத்தெலும்புப் பகுதியில் உள்ளிருந்து வரும் அடைப்பு, எச்68.13 அதே பகுதியை வெளியிலிருந்து அழுத்துவதால் வரும் அடைப்பு. பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சுமார் 36 மில்லிமீட்டர் நீளம். நடுக்காதை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு எலும்பு, மூக்கின் பின்பக்கம் திறக்கும் மீதி குருத்தெலும்பு. ஸ்கோப்பில் தெரிந்த இடம் குருத்தெலும்பு முனை என்பதால், அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால் எச்68.13 என்று நீங்கள் யோசித்தது உடற்கூறியல்படி சரி. இந்தப் பிரிவு புதிதும் இல்லை. 2015 அக்டோபருக்கு முன்பு ஐசிடி-9-சிஎம்-இலும் 381.60 முதல் 381.63 வரை இதே நான்கு இருந்தன. அதற்கப்புறம் சேர்ந்தது எந்தக் காது என்பதுதான்.

ஆனால் அழுத்துகிறது என்று சொன்னது யார்? டாக்டர் 'ஒட்டி' என்றுதான் எழுதினார். அடைப்பு 'இருக்கலாம்' என்றார். அவுட்பேஷன்ட் வழிகாட்டுதல் நான்காம் பிரிவில் தெளிவாகவே இருக்கிறது: சந்தேகம், இருக்கலாம், ரூல் அவுட் என்று எழுதியதை உறுதியான நோயாகக் கோடு செய்யக் கூடாது. அந்த விசிட்டில் எதுவரை உறுதியோ அதுவரைதான் போக வேண்டும். இங்கே உறுதியானது டிஸ்ஃபங்க்ஷன், அது எச்69 பக்கம். எந்தக் கிளை என்பதை அந்த சர்வீஸ் தேதிக்குரிய இன்டெக்ஸைத் திறந்து எடுங்கள், மனப்பாடத்தில் போடாதீர்கள். காது அடைப்பு உணர்வு இதிலேயே அடங்கிவிடும், அதற்குத் தனி அறிகுறிக் கோடு வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் பெரிதாக நினைக்கிறேன். வயது வந்தவருக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் நீர் கோத்தால், மூக்கின் பின்புறம் கட்டி ஏதும் இருக்கிறதா என்று இஎன்டி டாக்டர்கள் பார்க்காமல் விட மாட்டார்கள். இந்த டாக்டர் 'அடினாய்டு' என்று முடிக்காமல் 'போன்ற திசு' என்று நிறுத்தியது அதனால்கூட இருக்கலாம். அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டி நாம் அடினாய்டு என்று ஜே35.2 (அடினாய்டு பருத்தல்) போட்டாலோ, அழுத்தம் என்று எச்68.132 போட்டாலோ, அது அந்த மனிதரின் பதிவில் உட்கார்ந்துவிடும். அடுத்துப் பார்க்கும் டாக்டர் அதை உண்மை என்று படிப்பார்.

டினையல்டெஸ்க்:
அக்கா சொன்னதோடு, காதின் பக்கம் பற்றி. டாக்டர் எழுதாவிட்டால் 9-இல் முடியும் (பக்கம் குறிப்பிடாத) கோடுக்கு ஓட வேண்டாம். 2021 அக்டோபர் முதல், பக்கத்தை மட்டும் மற்ற கிளினிஷியன்களின் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ள வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. ஆகவே ஆடியாலஜிஸ்ட் எழுதிய 'இடது' செல்லும். நோய் என்ன என்பது மட்டும் டாக்டரிடமிருந்தே வர வேண்டும். டைப் பி-யைப் பார்த்து நாமாக நோயை எழுத முடியாது. ஒருவர் இடது, இன்னொருவர் வலது என்று முரண்பட்டால் க்வெரிதான் (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) வழி.

பின்னால் பலூன் டைலேஷனுக்கு (குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை) போனால் இது இன்னும் முக்கியம். 2021 முதல் அதற்கான ப்ரொசீஜர் கோடு ஒரு பக்கத்துக்கு 69705, இரு பக்கத்துக்கும் 69706. ப்ரொசீஜர் ஒரு பக்கம், டயக்னோசிஸ் 3-இல் முடிகிற இருபக்கக் கோடு என்று போனால் க்ளெய்ம் அங்கேயே நின்றுவிடும்.

சார்ட்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். சிடி ரிப்போர்ட் வந்துவிட்டது, டாக்டர் இன்னும் அதைப் பற்றி எழுதவில்லை. க்வெரி இப்படிப் போடலாமா: 'ட்யூபை அடினாய்டு வெளியிலிருந்து அழுத்துவதால் வந்த அடைப்பு என்று உறுதிசெய்ய முடியுமா?'

காதுமூக்குதொண்டை:
வேண்டாம், அதில் பதிலை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். முதலில் ஆதாரங்களை மட்டும் வையுங்கள்: செவிப்பறை நிலை, டிம்பனோகிராம், ஸ்கோப் வரி அவர் எழுதியபடியே, சிடி ரிப்போர்ட்டின் வாசகம். பிறகு, 'இவற்றின் அடிப்படையில் யூஸ்டேஷியன் ட்யூபின் நிலையை உங்கள் மருத்துவக் கணிப்பில் தெளிவுபடுத்தவும்' என்று கேளுங்கள். தேர்வுகள் கொடுப்பதானால், அடைப்பு (அதன் இடமும் காரணமும் சேர்த்து), அடைப்பில்லாத டிஸ்ஃபங்க்ஷன், வேறு ஏதேனும், தற்போது தீர்மானிக்க இயலாது, இந்த நான்கும் இருக்கட்டும். எந்தக் கோடுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சே க்வெரியில் வரக் கூடாது.

அவர் 'தீர்மானிக்க இயலாது' என்று பதில் போட்டால் எச்69-உடன் சார்ட்டை மூடுங்கள். சிடிக்குப் பிந்தைய விசிட்டில் அடைப்பு என்று உறுதிசெய்து எழுதினால், அந்த விசிட்டுக்கு எச்68.1 போட்டுக்கொள்ளலாம். பழைய விசிட்டைத் திறந்து மாற்றத் தேவையில்லை.