எண்பதாம் கல்யாணத்துக்கு முன்னாடி தாத்தா கோல்

பாபு: தாத்தா பில்லியர்ட்ஸ் ஆடுன கோலை பரண்ல இருந்து இறக்கியாச்சு. நாலு போட்டோ போட்டிருக்கேன்

ரேவதி: அடப்பாவமே

பாலக்கோடு அத்தை: தேங்கா எண்ணெ தேச்சு வெயில்ல வைடா. பளிச்னு ஆயிடும்

பாபு: ஆசாரி பாத்துட்டார் அத்தை. 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேச்சு டச்வுட் வார்னிஷ் அடிச்சா புதுசாயிடுமாம். 700 கேக்கறார்

ஓசூர் பெரியப்பா: ஆசாரிகிட்ட குடுக்காதே

ஓசூர் பெரியப்பா: குடுத்துட்டியா

பாபு: இன்னும் இல்ல

ஓசூர் பெரியப்பா: பொறுமையா படி. அது ஆஷ் மரம். அம்பு அம்பா ரேகை ஓடுது பார். நுனில இருக்கற பித்தளைப் பூண் 10 மிமீ, அங்கிருந்து அடிவரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா பருத்துக்கிட்டே போகும். அந்தப் பருமன் கெட்டா கோல் கெட்டுச்சு. 80 தாள் போட்டா மரம் தேயும், பித்தளை அந்த அளவு தேயாது. பூணுக்குக் கீழ பள்ளம் விழுந்து அடிக்கிறப்ப விரல்ல தட்டும். டச்வுட் அடிச்சா வேர்வைக் கையில ஒட்டும். கைப்பிடி கருப்பா இருக்கறது அழுக்கு மட்டுமில்ல, அது கருங்காலி

பாலக்கோடு அத்தை: கருங்காலியா

பாலக்கோடு அத்தை: நெஜக் கருங்காலியா?? இங்க ஒரு மாலை 4000 சொல்றான்

ரேவதி: அத்தை கோலை மணியா உருட்டிடாதீங்க 😂

சேலம் சித்தப்பா: கடைசல் பட்டறை நம்ம தெருவுலயே இருக்கு

பாபு: பெரியப்பா பூண் ஆடுது. திருகினா சுத்துது. நுனில பந்தைத் தொடற தோல் டிப்பு பாதி பிஞ்சு கிடக்கு

ஓசூர் பெரியப்பா: முதல்ல டிப்பை பிளேடால எடு. அப்புறம் பூணைத் திருகி உருவு. வரலைன்னா சால்டரிங் அயர்னை பித்தளை மேல கொஞ்ச நேரம் வை, பழைய பசை இளகும். அடுப்புல காட்டாதே, உள்ள மரம் கருகிடும். ரெண்டு பக்கமும் பழைய பசையைச் சுரண்டு. மரத்துல ஊசியால மெல்லிசா ஒரு கோடு கீறு. காத்து வெளிய போக வழி வேணும், இல்லைன்னா நீ அழுத்த அழுத்த பூண் மேல ஏறிக்கிட்டே வரும். ஒட்ட அரால்டைட், அஞ்சு நிமிஷ ரகம் வேணாம், மெதுவா காயறது. ஒரு நாள் முழுசா விடு

சேலம் சித்தப்பா: ஃபெவிக்விக் போதாதா

ஓசூர் பெரியப்பா: பூணுக்கு ஆகாது. அடி அதிருற இடம், விரிசல் விட்டுடும். டிப்புக்கு மட்டும், அதுவும் கெட்டியான ஜெல் ரகம். தண்ணி ரகத்தைத் தோல் உறிஞ்சிக்கும், கல்லு மாதிரி ஆயிடும்

சேலம் சித்தப்பா: சரி அது இருக்கட்டும். பத்திரிகைல என் பேருக்கு மேல மாப்பிள்ளை பேர் எப்படி வந்தது

பாலக்கோடு அத்தை: அகர வரிசைடா

சேலம் சித்தப்பா: ஓ. எனக்கு மட்டும் அகர வரிசை

ரேவதி: சமையலுக்கு அட்வான்ஸ் யார் குடுத்தீங்க? போன் மேல போன் வருது

ஓசூர் பெரியப்பா: டிப்பு 10 மிமீ வாங்கு. பூல் ஆட்டக் கோலுக்கான 13 வாங்கிடாதே. டிப்போட அடிப்பக்கத்தை 120 தாள்ல உரசித் தட்டையாக்கு. பூண் முகத்துல பிளேடை நிக்க வெச்சு வெளிச்சத்துல பார், இடுக்குல வெளிச்சம் வந்தா அதுவும் தட்டையில்ல. ஒட்டினதும் கோலைத் தலைகீழா பலகை மேல நிறுத்தி, பிதுங்கற தோலை புது பிளேடால கீழ்முகமா சீவு. உச்சிய ஒரு ரூபா காசு விளிம்பு வளைவுக்குத் தேய்

பாபு: நடுவுல மூணு எடத்துல நசுங்கியிருக்கு

சேலம் சித்தப்பா: முருங்கைக்கா

பாலக்கோடு அத்தை: பறிச்சது நீதானடா

சேலம் சித்தப்பா: கோலை எடுத்துக் குடுத்தது யாருன்னும் சொல்லுக்கா

ஓசூர் பெரியப்பா: நார் அறுபடாம அமுங்கியிருந்தாதான் எழும்பும். ஈரத்துணி மடிச்சு நசுங்கல் மேல போட்டு, இஸ்திரிப் பெட்டி நுனியால ரெண்டு மூணு செகண்ட். எடுத்துப் பாத்துட்டு மறுபடி. ஒரு நாள் காய விட்டு 600, அப்புறம் 1000 தாள், ரேகை வாக்குல லேசா. கருங்காலிப் பக்கம் ஆவியும் வேணாம் தாளும் வேணாம். அங்க பழைய அரக்குப் பாலிஷா இருக்கலாம், ஸ்பிரிட் பட்டாலே பிசுபிசுக்கும். பிழிஞ்ச துணி போதும்

ரேவதி: கோணலாவும் தெரியுதே

ஓசூர் பெரியப்பா: கிரானைட் மேடையில உருட்டு. நுனி ஏறி ஏறி இறங்கினா கோணல். கொஞ்சம்னா விட்டுடு. சூடு காட்டி வளைக்க வேணாம், ஆஷும் கருங்காலியும் ஒட்டுப் போட்ட இடம் விட்டுப்போகும். சுவத்துல சாச்சும் வைக்காதே, அதுலதான் வளையும்

பாபு: எண்ணெ?

ஓசூர் பெரியப்பா: ஆளிவிதை எண்ணெ. மரத்துல மட்டும் நாலஞ்சு சொட்டு, பத்து நிமிஷத்துல தொடச்சிரு, மறுநாள் இன்னொரு தடவ. தேங்கா எண்ணெ காயவே காயாது, தூசி பிடிச்சு நாறும். தொடச்ச துணியைக் கசக்கிக் குப்பையில போட்டுடாதே, தானா சூடேறித் தீப்பிடிக்கும். வெளிய விரிச்சுக் காயப்போடு

பாலக்கோடு அத்தை: நான் சொன்னா தப்பு

ரேவதி: இவ்வளவும் பாபு பண்ணுவானா? பெரியப்பா நீங்களே வந்துடுங்களேன்

ஓசூர் பெரியப்பா: கோல் என்கிட்ட இருந்திருந்தா இந்தக் கதியே வந்திருக்காது. பாகம் பிரிச்ச அன்னிக்கே சொன்னேன்

சேலம் சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

ரேவதி: கைப்பிடில தாத்தா விரல் பதிஞ்ச குழி ஒண்ணு இருக்கு. அதை ரொப்பணுமா?

ஓசூர் பெரியப்பா: தொடாதே. கோலார்ல ஆட்டத்துக்குப் பாயிண்ட் எண்ணற மார்க்கரா இருந்தப்ப விழுந்தது. கோலைக் கைல குடுத்தா அப்பா முதல்ல அதைத்தான் தடவிப் பார்ப்பார்

பாபு: அப்ப ஞாயித்துக்கிழமை ஓசூர் எடுத்துட்டு வரட்டா

ஓசூர் பெரியப்பா: ஞாயிறு நான் கிருஷ்ணகிரில இருப்பேன். ரவுண்டானா பக்கம் வந்து குடு. பஸ்ல மேல் ரேக்ல போடாதே

பாலக்கோடு அத்தை: ஞாயிறு புடவை எடுக்கப் போறோம். பாபுதான் வண்டி ஓட்டணும்

பாபு: திங்கள்?

சேலம் சித்தப்பா: பத்திரிகை மறுபடி அடிக்கிறீங்களா இல்லையா