காதல் காமெடிக்கு மட்டும்தானா? மங்கா வாசகர்களே, கொஞ்சம் உதவுங்க

வணக்கம் மக்களே. ஒரு மாசமா டிராகன் பால்ங்கிற மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ், 1984–1995) மறுபடி படிச்சிட்டிருக்கேன். அதை எழுதி வரைஞ்ச அகிரா தொரியாமா காதலைக் கையாண்ட விதம்தான் மண்டையைக் குடையுது. சின்ன வயசுல கதாநாயகன் கோகு, சிச்சிங்கிற பொண்ணுக்குக் கல்யாண வாக்குக் கொடுக்கிறான். ஏன்? அது ஏதோ தின்கிற பண்டம்னு நினைச்சு! வருஷம் கழிச்சு அவ சண்டைப் போட்டி மேடையிலேயே வந்து நின்னு கேட்கிறா. இவனுக்கு அப்போதான் அர்த்தமே புரியுது. "சரி, பண்ணிக்கலாம்"னு சிம்பிளா முடிச்சிடறான். விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா காதல்னு ஒண்ணு அங்க நடந்துச்சா?

ஒன் பீஸ்ங்கிற இன்னொரு மங்காவுலயும் இதே கதைதான். ஹான்காக்ங்கிற பொண்ணு கதாநாயகன் லூஃபியை நினைச்சாலே உருகுறா, அவனோ கல்யாணமே வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். (அதே கதையில பொண்ணுங்களைக் கண்டாலே வழியுற சாஞ்சியை நான் கணக்குலயே சேர்க்கல.)

எனக்கு வேண்டியது இதுதான்: சாகசமும் சிரிப்பும் குறையாம, காதலால கதையோட போக்கே மாறுற மங்கா. ரூமிகோ தகாஹாஷியோட ரன்மா, இனுயாஷா ரெண்டும் படிச்சாச்சு. முடிஞ்ச தொடரா இருந்தா இன்னும் நல்லது. ஸ்பாய்லர் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.