குயின்ஸ் உபகாரச் சம்பளம் மாணவர் பரிமாற்றமா?

பினாங்குக்காரி:
எங்கள் வாசகர் வட்ட மலருக்கு மாணவர் பரிமாற்ற வரலாறு எழுத வேண்டும். இங்குள்ள மாணவர்களை பிரிட்டனுக்குப் படிக்க அனுப்ப 1885-இல் வந்த குயின்ஸ் உபகாரச் சம்பளத்திலிருந்து தொடங்கலாமா? பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர் வூ லியன் தே 1896-இல் அதில்தானே கேம்பிரிட்ஜ் போனார்?

தபால்பெட்டி:
வேண்டாம் தங்கச்சி. அது ஒருவழிப் பாதை. இங்கிருந்து போனார்கள், பதிலுக்கு அங்கிருந்து யாரும் வரவில்லை. 1982-இல் வந்த மலேசிய அரசின் 'கிழக்கை நோக்கும்' கொள்கையும் அடிப்படையில் அப்படித்தான்: மலாயா பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடத் தயாரிப்பு வகுப்பு, பிறகு ஜப்பான்.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட் பரிமாற்றத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கான சட்டத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1946 ஆகஸ்ட் 1. போருக்குப் பின் வெளிநாடுகளில் கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை அந்தந்த நாடுகள் வாங்கின. டாலருக்குப் பஞ்சம் என்பதால் சொந்த நாணயத்தில் கொடுத்தன. அந்தப் பணத்தில் அங்கே வரும் அமெரிக்கருக்குச் சோறு, படிப்பு, வாடகை எல்லாம் ஆகும். அமெரிக்கா போகிறவருக்குக் கப்பல் கட்டணமும் ஆகும். ஆனால் அமெரிக்காவில் இறங்கியபின் அது செல்லாக்காசு. அங்குள்ள செலவுக்கு டாலர் வேறு எங்காவது தேட வேண்டியிருந்தது. இந்தத் திட்டத்தை நடத்த மலாயாவுக்கான இருநாட்டு ஆணையம் கோலாலம்பூரில் அமைந்தது 1963-இல்.

கிரெடிட்கணக்கு:
அண்ணன் பணத்தைச் சொன்னார். படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகான கிரெடிட்டை விட்டால் கட்டுரை பாதிதான். ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் 1987-இல் 11 நாடுகள், 3,244 மாணவர்களோடு தொடங்கியது. அங்கே படித்ததை இங்கே எப்படி ஏற்பது என்ற தலைவலிக்கு மருந்தாக 1989-இல் இசிடிஎஸ் என்ற ஐரோப்பியக் கிரெடிட் முறை சோதனைக்கு வந்தது: ஒரு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட்.

நம் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். மலேசியாவில் ஒரு கிரெடிட் 40 மணி நேர உழைப்பு. இசிடிஎஸ்-இல் 25 முதல் 30. ஆகவே 15 இசிடிஎஸ் எடுத்துவிட்டு 15 கிரெடிட் என்று நம்பி வந்தால், மணிக்கணக்கில் 9 முதல் 11 வரைதான் தேறும்.

பினாங்குக்காரி:
அப்படியானால் 15 கிரெடிட்டுக்கு எத்தனை எடுக்க வேண்டும்?

கிரெடிட்கணக்கு:
600 மணி நேரம், அதாவது 20 முதல் 24. பாடம் பாடமாக எது எதற்கு ஈடு என்று எழுதி, விமானம் ஏறும் முன்பே இரண்டு பல்கலைக்கழகங்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால் தாளையும் உடனே மாற்றுங்கள். ஜெர்மனியில் குளிர்காலத் தேர்வு பிப்ரவரி வரை இழுக்கும். இங்கே அடுத்த செமஸ்டர் பதிவு எப்போது என்று முதலில் பாருங்கள்.