பஸ்ஸில் ஆள் இல்லை என்று நடையைக் குறைக்கிறார்கள், மனுவில் என்ன எழுதுவது?

லயத்துவாசி:
வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) மெயின் ரோடு சிம்பாங் (சாலைச் சந்திப்பு) 4 கிலோமீட்டர், செம்மண் பாதை. சிம்பாங்கில் நிற்கும் பஸ் ஒரு நாளைக்கு 4 நடைதான். ஏற ஆளில்லை என்று அதையும் குறைக்கப்போகிறார்களாம். மோட்டார் இல்லாத வீடுகளும் வயதானவர்களும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். மனுவில் என்ன விவரம் சேர்க்கணும்? பஸ்ஸை லயம்வரை வரச்சொல்லிக் கேட்கலாமா?

பாதைக்கணக்கு:
பஸ் காலியாக ஓடுவதால் தேவை இல்லை என்றாகாது. நேரம் பொருந்தாத பஸ்ஸில் யார் ஏறுவார்? ஏறியவர்களை மட்டும் எண்ணினால் பஸ் கம்பெனியின் பக்கம்தான் வலுக்கும். போகாமல் விட்ட பயணங்களை எண்ணுங்கள்.

வீட்டுக்கு ஒரு தாள் போதும். போன மாதம் கிளினிக், வகுப்பு, வேலை நேர்முகம் எதற்கெல்லாம் போக முடியவில்லை, எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டியிருந்தது, திரும்ப எப்போது, வாடகை வண்டிக்கு எவ்வளவு கேட்டார்கள். இதோடு சிம்பாங்கில் 3 நாள் நின்று நடைவாரியாகத் தலை எண்ணுங்கள். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை வேண்டாம். அன்றைய கூட்டத்தைச் சேர்த்தால் மொத்தக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள்.

நாள் முழுக்க பஸ் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். பள்ளி மணி அடிக்குமுன் ஒன்று, கிளினிக் திறக்கும் 8 மணிக்குள் ஒன்று, பள்ளி விட்டதும் ஒன்று, மாலை 5.30 வாக்கில் ஒன்று. மாலை நடையை விட்டுக்கொடுக்கவே கூடாது. அரசுப் பல்கலைக்கழக நுழைவுப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு (பாடம் முடிந்தபின் நடக்கும் விளையாட்டு, கழகம் போன்றவை). கடைசி பஸ் 3 மணிக்கே போய்விட்டால் தோட்டத்துப் பிள்ளை அந்தப் பத்தை எங்கே போய் எடுக்கும்? இதை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

வேலைக்கும் ஒரு கணக்குக் காட்டுங்கள். வாடகை வண்டிக்குப் போகவர 30 வெள்ளி (ரிங்கிட்) என்றால் மாதம் 26 வேலைநாளுக்கு 780. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700. கிட்டத்தட்ட பாதி வண்டிக்கே போகிறது. 2025 செப்டம்பரில் வந்த பூடி95 பெட்ரோல் சலுகையும் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவருக்குத்தான். வண்டி ஓட்டாத பாட்டிக்கு பஸ் ஒன்றுதான் சலுகை.

செம்மண்சாலை:
லயம்வரை பஸ் கேட்பதற்கு முன் பாதை யாருடையது என்று நில அலுவலகத்தில் பாருங்கள். பெரும்பாலும் அது தோட்ட நிர்வாகத்தின் தனியார் நிலம். மத்திய அரசின் சாலைப் பராமரிப்பு மானியம் மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான். பதிவில் இல்லாத பாதையை மஜ்லிஸ் (உள்ளூராட்சி மன்றம்) தொடாது. மழைக்காலத்தில் கல்வெர்ட் (பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) உட்கார்ந்துபோகும், செம்பனைக் குலை ஏற்றும் லாரி போட்ட பள்ளத்தில் பஸ்ஸின் அடிப்பகுதி தட்டும். அந்தப் பாதையில் பஸ் விட எந்தக் கம்பெனியும் துணியாது. நிர்வாகம் அந்தத் துண்டை சாலை ஒதுக்கீடாக ஒப்படைத்தால்தான் பதிவு செய்ய வழி பிறக்கும். அதற்குக் காலம் பிடிக்கும், எனவே தனி மனுவாகப் போடுங்கள். பஸ் மனுவோடு கலந்தால் இரண்டும் தூங்கும்.

மனுவை பஸ் கம்பெனிக்கு மட்டும் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். டிக்கெட் காசை நம்பி ஓடுகிறவர் நட்டம் வந்தால் நடையை வெட்டத்தான் செய்வார். மைபாஸ் என்ற பஸ் சேவைத் திட்டத்தில் அரசாங்கம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறது, அதனால் ஆள் குறைந்த நேரத்திலும் பஸ் ஓட முடிகிறது. ஈப்போவில் அது இருக்கிறது. ஆகவே அபாட்டுக்கு (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) எழுதி, சட்டமன்ற உறுப்பினருக்கும் மஜ்லிஸுக்கும் நகல் கொடுங்கள். பெற்றுக்கொண்ட முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள்.

லயத்துவாசி:
ரொம்ப நன்றி. அதுவரைக்கும் தோட்டத்து அண்ணன் ஒருவர் தலைக்கு 3 வெள்ளி வாங்கி வேனில் ஏற்றிப்போகிறேன் என்கிறார். சரிவருமா?

செம்மண்சாலை:
வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது கெரேத்தா சாப்பு. 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் சொந்த உபயோக இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம், பாரம் அந்த அண்ணன் தலையில் விழக்கூடும். அதைவிட, பஸ் நேரத்துக்கு லயத்திலிருந்து சிம்பாங்வரை காசு வாங்காமல் ஒரு வேன் விடும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள். காலை பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டிப் பிரித்து அனுப்புவது) முடிந்ததும் வண்டி சும்மா நிற்கும் நேரம் எது என்று தோட்டத்துக் கிராணியிடம் (அலுவலக எழுத்தர்) விசாரித்து, அந்த நேரத்தையே கடிதத்தில் எழுதுங்கள்.