லூயிவில் விபத்தும் பலாலி ஓடுபாதைக் காணிகளும்

செம்மண்:
2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில்லில் யூபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று விழுந்தது எல்லோருக்கும் தெரியும். ஓடுபாதையில் கிளம்பும்போதே இடது எஞ்சின் கழன்றுவிட்டது. வேலியைத் தாண்டுமளவுக்கு எழும்பி, வெளியே இருந்த தொழிற்கூடங்கள் மேல் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த மூவரோடு தரையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் இறந்தார்கள். அந்தச் சாவுகளைக் காட்டி, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலைய ஓடுபாதையை அண்டிய காணிகளைச் சொந்தக்காரரிடம் திருப்பி விடக்கூடாது என்று இங்கே எழுதுகிறீர்கள். பக்கத்து வசாவிளானில் எங்கள் காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது. 1990 இல் போரால் விட்டுவந்த மண். இன்னொரு சாட்டுச் சொல்லி அதை மறிக்காதீர்கள்.

வடமராட்சித் தம்பி:
அண்ணை, அதை எழுதியது நான்தான். காணியைப் பறிக்கச் சொல்லவில்லை, ஓடுபாதை முடிகிற இடத்தில் வீடு வேண்டாம் என்கிறேன். 2010 நவம்பரில் கராச்சியில் இல்யூஷின்-76 சரக்கு விமானம் ஒன்று ஏறிய கையோடு எஞ்சின் பழுதாகி, கட்டிக்கொண்டிருந்த வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் சனம் குடியேறியிருந்தால்? மரக்கறியும் மீனும் ஏற்றப் பலாலிக்குச் சரக்கு விமானம் வேண்டும் என்று கேட்பதும் நாங்கள்தானே.

கட்டுவன் அக்கா:
எனக்கொரு சந்தேகம். எஞ்சின் போனது தெரிந்ததும் விமானி பிரேக் போட்டிருக்கலாமே?

எஞ்சின் வேலைக்காரன்:
முடியாது அக்கா. ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைப்பார்கள், வீ-வன் என்போம். அதற்குள் என்றால் நிறுத்தலாம். தாண்டிவிட்டால் மிச்ச ஓடுபாதை போதாது, ஏறத்தான் வேண்டும். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றவற்றை வைத்து ஏறும்படிதான் விமானத்தைச் செய்கிறார்கள். நின்றுபோவது வேறு, பிய்த்துக்கொண்டு போவது வேறு. லூயிவில்லில் எஞ்சினை இறக்கையோடு பிடித்திருந்த தாங்கியின் பின்பக்கக் காதுகளில், அதாவது துளையுள்ள பிடிகளில், உலோகம் நாட்பட்ட உழைப்பில் களைத்து வெடிப்பு விட்டிருந்தது. தலைமுடி மாதிரி ஒரு கீறல், அழுக்கைத் துடைத்து விளக்குப் பிடித்தாலும் சில வேளை கண்ணுக்குப் படாது. அந்த விமானம் எம்டி-11 ரகம், முதலில் பயணிகளை ஏற்றி, பிறகு சரக்குக்கு மாறியது, வயது 34. 1979 மே 25 இல் சிகாகோவில் டிசி-10 ரகப் பயணிகள் விமானத்திலும் இடது எஞ்சின் இப்படித்தான் கழன்றது, 273 பேர் இறந்தார்கள். அங்கே எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய முறையே தாங்கியைக் காயப்படுத்தியிருந்தது. காணியைப் பற்றிச் சண்டை பிடிக்கிற நீங்கள் இரண்டு பேரும் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

செம்மண்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1992 ஒக்டோபர் 4, அம்ஸ்ரடாம். இஸ்ரேலின் எல் அல் நிறுவனத்துச் சரக்கு விமானம், போயிங் 747 இல் வலப்பக்க எஞ்சின் ஒன்று கழன்று பக்கத்து எஞ்சினையும் இடித்துக்கொண்டு போனது. விமானிகள் திரும்பி இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் அப்பால் அடுக்குமாடி வீடுகள் மேல் விழுந்தது. 43 பேர். தம்பி, அந்தத் தூரத்தைப் பலாலியிலிருந்து அளந்தால் அச்சுவேலியும் சுன்னாகமும் உள்ளே வரும். அங்கேயும் சனத்தை எழுப்புவீர்களா?

வடமராட்சித் தம்பி:
அம்ஸ்ரடாமில் விமானம் பறந்து திரும்பியது. லூயிவில்லிலும் கராச்சியிலும் ஓடுபாதைக்குக் கிட்டவே விழுந்தது. கிட்ட இருப்பவனுக்குத்தான் ஆபத்து கூட, அதை மறைக்க வேண்டாம். ஓடுபாதையைச் சுற்றி விட்டிருக்கும் பட்டை முடிந்து அதற்கு அப்பால் 240 மீற்றர் வெறுமையாக விடும்படி சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பே பரிந்துரைக்கிறது, குறைந்தது 90.

கட்டுவன் அக்கா:
240 மீற்றர் என்றால் பேசலாம். ஆனால் ஒரு நிபந்தனை. வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் ஒட்டட்டும், யார் காணி போகிறது என்று பெயரோடு தெரியட்டும், நட்டஈடும் கையில் கிடைக்கட்டும். எங்கள் வளவில் வெங்காயம் நட்டால் விமானத்துக்கு என்ன கெடுதல்? வீடு கட்டாதே என்றால் கேட்கலாம், வேலிக்குள் கால் வைக்காதே என்றால் முடியாது.

செம்மண்:
அக்கா, நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். 240 என்று தொடங்குவார்கள், ஓடுபாதையை நீட்டினால் அது இன்னும் தள்ளிப்போகும். எழுத்தில் எல்லை போடாமல் ஒரு பரப்புக்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

எஞ்சின் வேலைக்காரன்:
எல்லையை எழுதும் அதே கடிதத்தில், இங்கே வரப்போகும் சரக்கு விமானத்தின் வயதையும் கடைசியாகத் தாங்கியைச் சோதித்த திகதியையும் கேளுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.