மலைமேல் ராத்தங்கல்: வரையாடு தேடிப் போனவங்க, பன்றிக் காவல் இருந்தவங்க சொல்லுங்க

தேவிகுளத்தான்

மலை வேட்டைக்கு முதல் தடவை போறவன் என்னவெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு கனடாவுல இருக்கிற தங்கச்சி மகன் கேட்டான். அங்க லைசென்ஸ் வாங்கினா சீசன்ல மான் அடிக்கலாமாம். நம்ம வரையாட்டைப் பொறுத்தவரை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு. ஆனா வேட்டைக்காரனுக்கு வேண்டிய கண்ணும் காலும் பொறுமையும் அப்படியே தேவைப்படுற வேலை ஒண்ணு இன்னும் நம்ம மலையில நடக்குது. கோடையில வரையாடு கணக்கெடுக்கப் போறாங்களே, அதுதான். தன்னார்வலரா அதுல போனவங்க, வேற காரியமா காட்டோரம் ராத்தங்கினவங்க, உங்களுக்குப் பட்டதை எழுதுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

மூணாறு பக்கத்து இரவிகுளம் ஒரு காலத்துல எஸ்டேட் துரைமாரோட வேட்டைக்காடு. 1971-ல அரசாங்கம் சட்டம் போட்டு நிலத்தை எடுத்துச்சு, 1975-ல சரணாலயம், 1978-ல தேசியப் பூங்கா. துரைமார் காலத்துலயே காவலுக்கு முதுவான் பழங்குடி ஆளுங்களைத்தான் வச்சிருந்தாங்க. எங்க குழுவுக்கு வந்த வாச்சரோட, அதாவது வனத்துறைக் காவலாளியோட தாத்தா அந்த வேலை பார்த்தவர். துரைக்கு ஆடு காட்டிக் கொடுத்த அதே வித்தை பேரன் வழியா நமக்குக் கிடைக்குது, சுடுறதைத் தவிர.

அந்த வித்தையில பாதி காத்து. ஒரு சரிவு முனையில ஏறி நின்னதும் வாச்சர் சட்டைப் பையில இருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். சாமி கும்பிடப் போறார்னு எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டோம். அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலைத் தேய்ச்சு விட்டார். பொடி நம்ம முகத்துக்கு நேரா வந்து, காதோரம் போய், பின்னாடி பள்ளத்துல இறங்குச்சு. "சரி, இந்த வழியே போலாம்"னார், அவ்வளவுதான். பொடி முன்னாடி போயிருந்தா நம்ம வாடை ஆட்டுக்குப் போயிருக்கும், ஒரு மணி நேரம் சுத்தி அடுத்த முனைக்குப் போகணும். காலையில வெயில் பட்ட சரிவுல காத்து மேல ஏறும், பொழுது சாய்ஞ்சு மலை குளிர்ந்தா கீழ இறங்கும். நடுவுல மேகம் வந்து வெயிலை மறைச்சா எந்தக் கணக்கும் நிக்காது, அதனால அந்தப் பொட்டலம் அரை மணிக்கு ஒரு தடவை வெளிய வந்துட்டே இருந்துச்சு.

இன்னொண்ணு, மேல இருந்து பார்க்கணும். வரையாட்டுக்கு ஆபத்து பெரும்பாலும் கீழ இருந்துதான் வரும், அது மிரண்டா ஓடுறதும் மேல பாறைக்குத்தான். அதனால விடியறதுக்கு முன்னாடியே உச்சி மேட்டுக்குப் போயிடணும். அதுக்காக வான்விளிம்புல போய் நின்னா மட்டும் எல்லாம் போச்சு. கூட்டத்துல ஒண்ணு எப்பவும் தலையைத் தூக்கிட்டு நிக்கும், வானத்துக்கு எதிர்ல ஒரு தலை அசைஞ்சா சீட்டி மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும், அடுத்த நிமிஷம் சரிவுல புல்லு மட்டும்தான் இருக்கும். முகட்டுக்கு நாலடி கீழ, முதுகுக்குப் பாறை இருக்கிற மாதிரி உட்காரணும்.

உட்கார்றதுதான் புது ஆளுக்கு வராத கலை. எவ்வளவு தூரம் நடந்தோம்னு செயலியில பார்த்துப் பெருமைப்படுறதுக்கு ஆடு ஒண்ணும் வந்து நிக்காது. பைனாகுலரை முழங்கால்ல முட்டுக்கொடுத்து, எதிர்ச் சரிவோட இடது மூலையில ஆரம்பிச்சு, வயல்ல ஏர் ஓட்டுற மாதிரி ஒரு சால் முடிஞ்சு அடுத்த சாலுன்னு கண்ணை ஓட்டணும். முழு ஆட்டைத் தேடாதீங்க. காது ஆடுறது, கொம்போட வளைவு, பாறையில பாறையோட சேராத ஒரு பழுப்பு, இதுதான் முதல்ல மாட்டும். நாங்க பார்த்த ஒரு கூட்டத்தைப் பதினொண்ணுன்னு எழுதி வச்சாச்சு. வாச்சர் எழுந்திரிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துல ஒரு பெட்டை எழுந்து உடம்பை உதறுச்சு. அது பின்னாடி புல்லுக்குள்ள படுத்திருந்த குட்டிகள் ஒவ்வொண்ணா எழுந்து பால் குடிக்க வந்துச்சு. கணக்கு பதினேழாச்சு. குட்டி போடுறது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில, அதனாலதான் அந்தச் சமயம் இரவிகுளத்தோட ராஜமலைப் பக்கம் சுற்றுலாவை நிறுத்தி வைக்கிறாங்க. ஏப்ரல்ல குட்டி துள்ளுற வயசு, ஆனா படுத்துட்டா புல்லுல தெரியாது.

எழுதும்போது எத்தனைன்னு மட்டும் போட்டாப் போதாது. கருத்த உடம்பும் முதுகுல வெள்ளி பூசின மாதிரி பட்டையுமா இருக்கிற பெரிய கிடா எத்தனை, பழுப்புக் கிடா எத்தனை, பெட்டை, போன வருஷத்துக் குட்டி, இந்த வருஷத்துக் குட்டி, பார்த்த நேரம், எந்தத் திசைக்குப் போச்சு, எல்லாம் வேணும். பக்கத்து முனையில இருக்கிற குழு அதே கூட்டத்தை அரை மணி கழிச்சு எழுதியிருந்தா, ராத்திரி ரெண்டு தாளையும் வச்சுப் பார்த்து ஒண்ணைத் தள்ளுறதுக்கு அந்த நேரமும் திசையும்தான் ஆதாரம்.

சாப்பாட்டைப் பத்தி ஒரே வார்த்தை: அவல். அடுப்பு வேணாம், பாத்திரம் வேணாம், வெல்லமும் தேங்காயும் இருந்தாப் போதும். சத்து பார்ன்னு ஒட்டுற மாதிரி ஒண்ணு விக்கிறாங்களே, அதைக் கொண்டுவந்தவங்களும் கடைசியில என் அவல் டப்பாவுக்குத்தான் வந்தாங்க.

வட்டவடை பூண்டு

அண்ணே, திருநீறு விஷயம் பிரமாதம். எங்க அப்பா சட்டைப் பையிலயும் இருக்கும், நான் பக்தின்னு நினைச்சிட்டிருந்தேன்.

நான் சுமையைப் பத்திச் சொல்றேன். பூண்டு மூட்டை தூக்கிப் பழகின எனக்கே தெரியும், ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது முட்டி போயிடும். எங்க ஊருக்கு வர்ற பசங்க பையில டென்ட், ரெண்டு ஜீன்ஸ், லேப்டாப் பவர்பேங்க், ஒருத்தர் இஸ்திரி போட்ட சட்டை வரைக்கும் கொண்டுவந்தார். ஜீன்ஸ் நனைஞ்சா காயவே காயாது, நனைஞ்ச ஜீன்ஸ் தொடையை அரைச்சுடும். கனம் குறைஞ்ச பேண்ட் ஒண்ணு போட்டுக்க, ஒண்ணு மாத்த, ராத்திரிக்கு ஒரு கம்பளிச் சட்டை, குல்லா. ராத்திரிக்கு வச்ச துணியை, எவ்வளவு நனைஞ்சு வந்தாலும், பகல்ல தொடக்கூடாது. பை முழுக்க உள்ளுக்குள்ள ஒரு பெரிய பாலித்தீன் உறை போட்டு அதுக்குள்ள எல்லாத்தையும் கட்டுங்க. மேல போடுற ரெயின்கவர் எங்க காத்துக்குப் பறந்துடும்.

குச்சி ஒண்ணு வெட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, பூங்காவுக்குள்ள ஒரு கொம்பு ஒடிச்சாலும் கேள்வி வரும். வீட்டுல இருந்தே மூங்கில் கொண்டு போங்க.

பீருமேட்டு டீச்சர்

கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவ நான், அதனால என் பட்டியல் வேற மாதிரி இருக்கும்.

காலணிதான் முதல் சண்டை. ஒரு பையன் விலை உயர்ந்த பூட்ஸை முகாமுக்குக் கிளம்புற அன்னைக்குத்தான் டப்பாவுல இருந்து எடுத்தான். மதியத்துக்குள்ள ரெண்டு குதிகாலும் தோல் உரிஞ்சு, அப்புறம் முகாம் கொட்டகையில உட்கார்ந்து எங்களுக்குக் கஞ்சி வச்சான். (நல்லாவே வச்சான்.) கூட வந்த வாச்சர் சேட்டன்மார் சாதா ரப்பர் ஷூவுல ஆடு மாதிரி ஏறுறாங்க. பழகின செருப்புக்குப் பக்கத்துல எந்தப் பிராண்டும் நிக்காது. குதிகால் சூடா இருக்குன்னு தோணின உடனே நின்னு பிளாஸ்திரி ஒட்டணும், கொப்புளம் வந்தப்புறம் ஒட்டுறதுல பிரயோஜனமில்லை.

கோடை மழை ரெண்டு பெஞ்சாலே மலை மடிப்புல இருக்கிற சோலைக்காட்டுக்குள்ள அட்டை முழிச்சுக்கும். முழங்கால் வரைக்கும் வர்ற அட்டை சாக்ஸ் போடுங்க, பிச்சு எறியாதீங்க, நகத்தால ஓரமாத் தள்ளினா விட்டுடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காம வரும், பயப்பட ஒண்ணுமில்லை.

பொண்ணுங்களுக்கு: கழிப்பிடம் எதுன்னு முகாமுக்குப் போன உடனே, வெளிச்சம் இருக்கும்போதே, கூட்டமாப் போய்ப் பார்த்து வச்சுக்கோங்க. ராத்திரி தனியாப் போகக்கூடாது, ரெண்டு பேரும் ஒரு டார்ச்சும் ஒரு வாச்சரும். கூச்சப்பட்டுத் தண்ணி குடிக்காம இருந்து தலைவலியில படுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கேன். பயன்படுத்தின நாப்கினை ஜிப் உறையில போட்டுத் திரும்பக் கொண்டுவரணும். மாத்திரை, நாப்கின் ரெண்டையும் தேதி இல்லைன்னாலும் எடுத்துட்டுப் போங்க, சில சமயம் தேதி மாறிடும்.

யானை. புல்மேட்டுல எல்லாம் திறந்து கிடக்கிற மாதிரி தெரியும், ஆனா பகல் வெயிலுக்கு அது ஒதுங்குறது நாம தண்ணி பிடிக்க இறங்குற அதே சோலை மடிப்புலதான். எங்க முன்னாடி போன வாச்சர் ஓடைக்கு இருபதடி இருக்கும்போது கையை மட்டும் பின்னாடி நீட்டி நிறுத்தினார். எங்களுக்கு ஒண்ணும் தெரியலை. கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிஞ்சது, ஓடைத் தண்ணி கலங்கலா வந்துட்டிருந்துச்சு. மேல யாரோ கால் வச்சிருக்காங்க. பாட்டிலைக் காலியாவே எடுத்துட்டுத் திரும்பினோம்.

முதலமடைக்காரன்

நம்மது வரையாடு கதை இல்லை, பன்றிக் கதை. நெல்லியாம்பதி அடிவாரம்.

தெரியாதவங்களுக்காக: 2022 மே மாசம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு ஒரு அதிகாரம் கொடுத்துச்சு. பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட அவங்களே உத்தரவு போடலாம், துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிற ஆளை வச்சு. காட்டுக்குள்ள கிடையாது, நம்ம தோட்டத்துல மட்டும். விஷம், வெடி, கரண்ட் எதுவும் கூடாது. செத்ததைத் தின்னக்கூடாது, புதைச்சாகணும். என் மச்சான்கிட்ட லைசென்ஸ் உள்ள ரெட்டைக்குழல் இருக்கு. கூடப் போய் டார்ச் பிடிக்கிறது என் வேலை.

வேட்டைன்னா ஏதோ வீரம்னு நினைச்சுத்தான் முதல் ராத்திரி போனேன். மாமரத்தடியில கொசு கடிச்சு, இருமலை அடக்கி, மூத்திரத்தை அடக்கி, பன்றி வந்தது வேற தோட்டத்துக்கு. சுடுற நேரம் ஒரு நொடி. மச்சான் அந்த நொடிக்கு முன்னாடி பார்க்கிறது பன்றியை இல்லை, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு. பின்னாடி மண்மேடு இருந்தாத்தான் விரல் போகும். வீட்டு விளக்கு, ரோடு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் காவல் குடிசை எது தெரிஞ்சாலும் துப்பாக்கி இறங்கிடும், பன்றி முன்னாடி நின்னு கிழங்கைத் தோண்டினாலும்.

அடி பட்டு ஓடின பன்றிதான் ஆபத்து. அது உண்ணிச்செடிப் புதருக்குள்ள போயிடும். உடனே பின்னாடி போனா தொடையைக் கிழிச்சுடும், தேற்றைப் பல்லு அப்படி. மச்சான் அரை மணி நேரம் அசையவே விடமாட்டார். அப்புறம் ரத்தம் விழுந்த ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சிவப்புத் துணி கட்டிட்டே போவோம். திரும்பிப் பார்த்தா ஓடின திசை கோடு மாதிரி தெரியும், அடுத்த துளியை எங்க தேடணும்னு புரியும். ராத்திரி புதருக்குள்ள கிடையாது, விடிஞ்சுதான். அதுக்கப்புறம் வனத்துறைக்குச் சொல்லி, அவங்க வந்து மகஜர் எழுதி, ஆழமாக் குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊத்திப் புதைக்கிறது வரைக்கும் நம்ம தலையில. பாறை மண்ணுல குழி வெட்டிப் பாருங்க, வீரம் எல்லாம் இறங்கிடும்.

பாலக்காட்டுப் பக்கம் பன்றிக்குன்னு திருட்டுத்தனமா வச்ச கரண்ட் கம்பியில மனுஷன் செத்ததும் உண்டு. ராத்திரி வரப்புல நடக்கிறவங்க டார்ச்சைக் காலுக்கு முன்னாடி அடிச்சு நடங்க.

வால்பாறை ஆள்

எல்லைக்கு இந்தப் பக்கத்துல இருந்து ஒரு சேதி. எங்க புல்மலையும் உங்க இரவிகுளமும் ஒட்டித்தான் கிடக்கு. ஆடு காலையில தமிழ்நாட்டுல மேஞ்சு சாயந்திரம் கேரளாவுல படுக்கும். முன்னாடி ரெண்டு மாநிலமும் தனித்தனியா எண்ணினப்போ ஒரே ஆட்டை ரெண்டு பேரும் எழுத வாய்ப்பு இருந்துச்சு. 2025-ல சேர்ந்து ஒரே நாட்கள்ல எண்ணினாங்க: கேரளா 1,365, தமிழ்நாடு 1,303, மொத்தம் 2,668. இரவிகுளத்துல மட்டும் 841. எங்க பக்கம் கொஞ்சம் பொறாமைதான்.

அனுபவம்னா, இடி. ஏப்ரல், மே மாசம் ஒரு மணிக்கு மேல கிழக்குல மேகம் கட்ட ஆரம்பிச்சா, எவ்வளவு நல்ல கூட்டம் கண்ணுல இருந்தாலும் முகட்டை விட்டு இறங்கிடுங்க. தனி மரம், குகை வாய் ரெண்டும் வேணாம். நாங்க சரிவுல பைகளைத் தள்ளி வச்சுட்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் குத்தவச்சு உட்கார்ந்தோம். ஆலங்கட்டி மண்டையில விழுந்துச்சு. எதிர்ப் பாறையில ஆடுக எல்லாம் ஒரு விளிம்புக்கடியில ஒண்டி நின்னு எங்களைப் பார்த்துச்சு. அந்த நிலைமையிலயும் எங்க குழுவுல ஒரு தம்பி எண்ணினான்.

தேவிகுளத்தான்

@வால்பாறை: அந்தத் தம்பி எண்ணின கணக்கை ஏத்துக்கிட்டாங்களா?

@முதலமடை: மண்மேடு விஷயத்தை வெட்டி அப்படியே தங்கச்சி மகனுக்கு அனுப்பிட்டேன்.

தனிச்செய்தியில ரெண்டு பேர் கணக்கெடுப்புல எப்படிச் சேர்றதுன்னு கேட்டிருந்தீங்க. தனியா யாரும் உள்ள போக முடியாது, கூடாது. வனத்துறை அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கணும். கல்லூரிகள், இயற்கை அமைப்புகள் வழியா எடுக்கிறதும் உண்டு. குழுவுல எப்பவும் வாச்சர் இருப்பார். உடம்பைத் தயார் பண்ண ஜிம் வேணாம். பத்து கிலோ அரிசியைப் பையில போட்டுத் தேயிலைக்காட்டுப் படியில தினம் இறங்கிப் பழகுங்க. ஏறுறதைவிட இறங்குறதுக்குத்தான் பழக்கம் வேணும், பூண்டுத் தம்பி சொன்னது சரி.

வால்பாறை ஆள்

ஏத்துக்கலை அண்ணே. அவன் நேரம் எழுதலை, கடிகாரம் பைக்குள்ள இருந்துச்சு.